நீரை நிறுத்த அல்பிரூனி

சகோதர வியாபாரிகளே! தராசு பிடிக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய பேரறிஞர் அபூ ரைஹான் அல்பிரூனி அவர்கள். அன்னார் கி.பி. 973-ல், இன்று உஜ்பெகிஸ்தானைச் சேர்ந்த காத் நகரில் பிறந்தார்கள். 1017-ல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டைப் பிடித்தபோது கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பின்பு இந்தியா வந்து சமஸ்கிருதம் கற்று, 1030 வாக்கில் அத்தேசத்தைப் பற்றி அரபியில் பெருநூல் எழுதினார்கள்.

நமக்கு வேண்டியது அவர்களுடைய தண்ணீர்க் கணக்கு. மூக்கு வைத்த பாத்திரத்தில் அந்த மூக்கு மட்டம் வரை நீர் நிரப்பி, நிறுத்த தங்கத்தை உள்ளே இடுவார்கள். வழிந்த நீரையும் நிறுப்பார்கள். தங்கத்தின் எடையை நீரின் எடையால் வகுத்தால் சுமார் 19 வரும். இதுவே அடர்த்திக் கணக்கு. வெள்ளி கலந்திருந்தால் நீர் அதிகம் வழியும், கலப்படம் வெளிப்பட்டுவிடும். வெந்நீருக்கும் குளிர்நீருக்கும், நன்னீருக்கும் உப்புநீருக்கும் உள்ள எடை வித்தியாசத்தையும் அன்னார் கண்டார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயோ சுமார் 920 கிராம்தான். பத்து பாகாட்டில் கடை வைத்த புதிதில், கிலோ கேட்டவர்களுக்கு நான் லிட்டர் போத்தலைக் கொடுத்து வந்தேன். ஒரு மூதாட்டி வீட்டில் நிறுத்துப் பார்த்துத் திரும்பி வந்தார். வெட்கித் தலைகுனிந்தேன்; குறைந்த 80 கிராமை ஊற்றிக் கொடுத்தேன்.

11-ஆம் நூற்றாண்டின் நடுவில் கஸ்னியிலேயே அல்பிரூனி காலமானார்கள். அன்னாரின் பாடம் நம் கடைக்கும் உரியது. கிலோ கேட்டால் நிறுத்துக் கொடுப்போம்; லிட்டர் கேட்டால் அளந்து கொடுப்போம்.