டீச்சருக்குப் படிப்பது: பேகம் ரொக்கேயா காட்டிய வழி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை என்று நம் மாவட்டத்து முஸ்லிம் வீடுகளில் பெண்பிள்ளையின் மேற்படிப்புப் பேச்சு தொடங்கிவிடும். டீச்சருக்குப் படிக்கட்டும், பாதுகாப்பான வேலை, கல்யாணத்துக்குப் பிறகும் பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது சுலபமான வேலை என்ற எண்ணத்தில் சொன்னால், அங்கேதான் தவறு நடக்கிறது. பாடம் தெரிந்தவர் எல்லாராலும் பாடம் நடத்திவிட முடியாது. அது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. நூறு ஆண்டுகளுக்கு முன் இதைத் தம் வாழ்க்கையிலேயே காட்டிச் சென்றவர் வங்காளத்து பேகம் ரொக்கேயா. நாம் ருகையா என்று பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்தான் வங்காளிகளின் நாவில் ரொக்கேயா ஆகிறது.

1880-ல் ரங்பூர் பகுதியில் உள்ள பைராபந்த் கிராமத்தில் ஒரு ஜமீன்தார் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. வீட்டுப் பெண்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத் தருவார்கள். வங்காளமும் ஆங்கிலமும் அவர்களுக்குத் தேவையில்லை என்பது அந்தக் காலத்துக் குடும்பங்களின் கருத்து. அண்ணன் இப்ராஹீம் கல்கத்தாவில் படித்தவர். எல்லாரும் தூங்கிய பிறகு தங்கையை உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அக்கா கரீமுன்னிஸா வங்காளம் படிக்கத் துணை நின்றார். ரொக்கேயா பள்ளிக்கூட வாசலை மாணவியாக மிதித்ததே இல்லை.

பதின்வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் சையத் சகாவத் ஹுசைன், பீகாரின் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாக இருந்தவர். மனைவியின் படிப்பையும் எழுத்தையும் அவர் தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தினார். ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை 1905-ல் வெளியானது நம் சென்னையில்தான். கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகை அதை வெளியிட்டது. பெண்கள் படித்து ஆளும் ஒரு நாட்டைப் பற்றிய அந்தக் கதையை உலகம் இன்றும் படிக்கிறது.

இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து சின்ன வயதிலேயே இறந்து போயின. 1909 மே மாதம் கணவரும் வஃபாத்தானார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு ரொக்கேயா பள்ளியைத் தொடங்கினார். குடும்பத்தில் எழுந்த சொத்துத் தகராறு அவரை அந்த ஊரில் இருக்க விடவில்லை. கல்கத்தாவுக்கு வந்து 1911 மார்ச் 16 அன்று எட்டு மாணவிகளோடு மறுபடியும் தொடங்கினார். சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி என்று அதற்குக் கணவரின் பெயரையே வைத்தார்.

அப்போது அவர் பெயர் பெற்ற எழுத்தாளர். ஆனால் ஒரு வகுப்பில் எப்படி உட்காருவார்கள், கரும்பலகையை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதெல்லாம் பள்ளியில் படிக்காத அவருக்கு எங்கே தெரியும்? தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கல்கத்தாவில் மற்றவர்கள் நடத்திய பெண்கள் பள்ளிகளுக்குப் போனார். வகுப்பு நடக்கும் முறையையும் பள்ளியை நிர்வகிக்கும் முறையையும் கவனித்துப் பார்த்தார். பார்த்ததைத் தம் பள்ளியில் செய்து பழகினார். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இன்று செய்யச் சொல்வதும் அதையேதான். முதலில் அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பைக் கவனிக்க வேண்டும். பிறகு மேற்பார்வையில் தானே பாடம் நடத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல் ஆசிரியைகள். முஸ்லிம் பெண்களுக்குப் பெண்தான் பாடம் சொல்ல வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்த்தார்கள். ஆனால் பயிற்சி பெற்ற முஸ்லிம் ஆசிரியை கல்கத்தாவில் கிடைப்பது குதிரைக் கொம்பு. அவர் சென்னை, கயா, ஆக்ரா என்று தொலைவான ஊர்களிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். வந்தவர்களுக்குத் தாமே பயிற்சியும் கொடுத்தார். வெளியூரை நம்பியே பள்ளி எத்தனை நாள் ஓடும்? முஸ்லிம் பெண்களுக்கென்று ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று அரசிடம் விடாமல் கேட்டார். 1919-ல் கல்கத்தாவில் அரசு அதைத் திறந்தது.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. மாணவிகளை அழைத்துவர வாங்கிய பஸ் நான்கு பக்கமும் மூடியிருந்தது. உள்ளே காற்றும் வெளிச்சமும் இல்லாமல் குழந்தைகள் மயங்கினார்கள். மூடியிருந்ததை எடுத்துவிட்டுத் திரை போட்டார். திரை காற்றில் பறக்கிறது, பர்தா போய்விட்டது என்று அதற்கும் கண்டனக் கடிதங்கள் வந்தன. இத்தனைக்கும் அவர் பர்தா அணிந்தவர். அவர் பள்ளியின் பாடத்திட்டத்தில் குர்ஆனும் இருந்தது, ஆங்கிலமும் இருந்தது, முதலுதவியும் உடற்பயிற்சியும் இருந்தன. மார்க்கத்தையும் உலகக் கல்வியையும் அவர் எதிரெதிராக நிறுத்தவில்லை. இஸ்லாமிய வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுத் தந்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி அல்லவா?

1916-ல் அவர் முஸ்லிம் பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அதன் மூலம் குடிசைப் பகுதிகளில் ஏழைப் பெண்களுக்கு எழுத்தறிவு கிடைத்தது. எட்டுப் பேரோடு தொடங்கிய பள்ளி அவர் கண்முன்னே உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1932 டிசம்பர் 9 அன்று, தம் 52-வது வயதில், அவர் மறைந்தார். முந்தைய இரவுகூடப் பெண்களின் உரிமை பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுரை பாதியில் நிற்கிறது.

அவருக்குக் கிடைக்காத வழிகள் இன்று நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கின்றன. ப்ளஸ் டூவுக்குப் பிறகு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கலாம். பட்டம் முடித்தவர்கள் இரண்டாண்டு பி.எட். படிக்கலாம். அதன் பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை நடத்த முதல் தாள், ஆறு முதல் எட்டு வரை நடத்த இரண்டாம் தாள். தமிழக முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. இந்தப் படிப்பில் சேரும் பிள்ளை, பள்ளிக்கு அனுப்பப்படும் பயிற்சி வாரங்களைக் கையெழுத்துக்காக மட்டும் கழித்துவிடக் கூடாது. ரொக்கேயா தேடித் தேடிப் போய்ப் பெற்றது அந்த வாய்ப்பைத்தான்.

அரசு வேலை கிடைத்தால் பணியிடம் பக்கத்துத் தெருவிலேயே அமையும் என்று சொல்ல முடியாது. நம் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. வெள்ளிமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளிருக்காது. வகுப்பில் டீச்சர் சரியாக நடத்தவில்லை என்றால் அந்தக் குழந்தை அத்தோடு நின்றுவிடும். அந்த இடத்தில் பயிற்சி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இருக்கும் வித்தியாசம் ஒரு குழந்தையின் எதிர்காலம்.

நம் பெண்பிள்ளைகளுக்கு லேடி டீச்சர்தான் வேண்டும் என்று நாம் எல்லாரும் கேட்கிறோம். அந்த டீச்சர் யாரோ ஒருவர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். நம் மகளை முழுமையாகப் படிக்க வைத்து, பயிற்சியும் பெறச் செய்து, கிடைக்கும் ஊருக்கு நம்பி அனுப்ப நாம் தயாரா? இந்த வருடம் விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் அத்தாவும் அம்மாவும் உட்கார்ந்து இதைப் பேச வேண்டும்.