பெர்க்கின் கண்ட ஊதா

பெர்க்கின் வினை என்றதும் வேதியியல் மாணவர்களாகிய நமக்குச் சின்னமிக் அமிலமும் தேர்வுத்தாளும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெர்க்கின் பதினெட்டு வயதில் கல்லூரியை விட்டு, ஒரு சாயத்தை நம்பித் தொழிலில் இறங்கியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

வில்லியம் ஹென்றி பெர்க்கின் 1838 மார்ச் 12இல் இலண்டனின் கிழக்குப் பகுதியான ஷாட்வெல்லில் பிறந்தார். கட்டட வேலை செய்த தந்தை, மகன் கட்டடக் கலைஞனாக வேண்டுமென விரும்பினார். மகனோ வேதியியலில் மனத்தைப் பறிகொடுத்து, 1853இல் இராயல் வேதியியல் கல்லூரியில் பேராசிரியர் ஹாஃப்மனிடம் மாணவரானார்.

மலேரியாவுக்கு அன்றிருந்த மருந்து, சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைத்த குயினைன். அதனை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கிவிடலாம் என்பது ஹாஃப்மனின் கனவு. 1856 ஈஸ்டர் விடுமுறையில், வீட்டிலிருந்த சிறு ஆய்வகத்தில் பெர்க்கின் அம்முயற்சியில் இறங்கினார். அல்லைல் டொலூயிடினின் இரு மூலக்கூறுகளுடன் ஆக்ஸிஜனைச் சேர்த்து ஒரு மூலக்கூறு நீரை நீக்கினால், தாளில் குயினைன் வந்துவிடும்! ஆனால் அணுக்களை எண்ணத் தெரிந்ததேயன்றி, அவை பிணைந்துள்ள முறை எவருக்கும் தெரியாத காலம் அது. கெக்குலேயின் பென்சீன் வளையமே 1865இல்தான் வந்தது. பெர்க்கினுக்குக் கிடைத்தது செம்பழுப்பு வீழ்படிவு.

சோர்ந்துவிடாமல், எளிய அமீனான அனிலீனைப் பொட்டாசியம் டைகுரோமேட்டால் ஆக்ஸிஜனேற்றிப் பார்த்தார். கரிய படிவு வந்தது. வேறொருவர் அதைக் கொட்டியிருப்பார். பெர்க்கின் ஆல்கஹாலில் கரைத்தார். அழகிய ஊதா நிறம் பிறந்தது. பட்டில் தோய்த்தார், நிறம் நிலைத்தது.

1856 ஆகஸ்டு 26இல் காப்புரிமை பெற்றுக் கல்லூரியை விட்டு வெளியேறினார். ஆசிரியருக்கு மனத்தாங்கல். தந்தை தம் சேமிப்பைத் துணிந்து முதலீடு செய்தார். அண்ணன் தாமஸ் தோள் கொடுத்தார். 1857இல் கிரீன்ஃபோர்டில் ஆலை எழுந்தது. தோற்றிருந்தால் குடும்பமே தெருவுக்கு வந்திருக்கும். ஆனால் 1858இல் விக்டோரியா அரசியார் தம் மகளின் திருமணத்துக்கு இளம் ஊதா உடை உடுத்தினார். பிறகு கேட்க வேண்டுமா!

1869இல் அலிசரினுக்கு விண்ணப்பித்தபோது மட்டும் ஜெர்மானியர் ஒரே ஒரு நாள் முந்திக்கொண்டனர். 1874இல், 36 வயதில், ஆலையை விற்றுவிட்டு மீண்டும் ஆராய்ச்சிக்கே திரும்பினார். 1906இல் சர் பட்டம் பெற்றார். 1907 ஜூலை 14இல் மறைந்தார்.

தம்மை வாழவைத்த மாவீனின் சரியான அமைப்பை அவர் அறியவேயில்லை. 1994இல்தான் மெத்-கோன், ஸ்மித் என்னும் இருவர், பாதுகாக்கப்பட்டிருந்த பழைய சாயத்தை ஆராய்ந்து அதனைக் கண்டனர். ஆக்ஸிஜனேற்றத்தால் நான்கு அமீன் மூலக்கூறுகள் கைகோத்து, நடுவே மூன்று வளையங்கள் ஒட்டிய ஃபெனசின் கட்டமைப்பு உருவாகிறது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருவதால், நேர்மின்சுமை ஒரே நைட்ரஜனில் தங்குவதில்லை. மூலக்கூறு முழுதும் பரவுகிறது. எலெக்ட்ரான்கள் இப்படிப் பரவி நிற்பதால் மஞ்சள், பச்சை ஒளியை உறிஞ்சுகின்றன. நம் கண்ணுக்கு ஊதா தெரிகிறது.

இன்னொரு வேடிக்கை: பெர்க்கின் பயன்படுத்திய அனிலீன் தூயதன்று; டொலூயிடின்கள் கலந்தது. மாவீன் ஏ என்பதில் அனிலீன் இரண்டு, டொலூயிடின் இரண்டு. மாவீன் பி என்பதில் அனிலீன் ஒன்று, டொலூயிடின் மூன்று. அந்தக் கலப்படம் இல்லையேல் மாவீனே இல்லை.