ஆட்சிமொழி ஆணையத் தலைவர் கேர்: வழக்கறிஞராகத் தொடங்கி முதல்வரானவர்

ஆட்சிமொழிச் சிக்கல் என்றதும் தமிழகத்தில் 1938ஆம் ஆண்டும் 1965ஆம் ஆண்டுமே நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, 1955இல் அமைக்கப்பட்ட முதல் ஆட்சிமொழி ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய பி.ஜி. கேர் இங்கு பெயரளவிலேயே அறியப்பட்டவர். இந்திக்காரர் அல்லர், மராத்தியர்.

1888 ஆகஸ்ட் 24 அன்று ரத்னகிரியில் பிறந்த பால் கங்காதர் கேர், புனேயில் பள்ளிக் கல்வி பெற்றார். பம்பாய் வில்சன் கல்லூரியில் பட்டமும், 1908இல் சட்டப் பட்டமும் பெற்றார். 1918இல் சாலிசிட்டரானார். மேடைப் பேச்சைவிட ஆவணங்களில் தேர்ந்தவர். 1922 முதல் சுயராஜ்யக் கட்சிப் பணியில் ஈடுபட்ட அவரைச் சட்டமறுப்பு இயக்கம் சிறைக்கு அனுப்பியது.

1937 தேர்தலில் பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் வென்றபோது, பம்பாய் நகரக் காங்கிரஸ் தலைவர் கே.எஃப். நரிமனே தலைமைப் பதவிக்கு வருவார் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்டது. தேர்வானவரோ கேர். வல்லபபாய் படேல் தம்மைத் திட்டமிட்டு ஒதுக்கினார் என்று நரிமன் குற்றஞ்சாட்டினார். காந்தியடிகளும் வழக்கறிஞர் பகதூர்ஜியும் விசாரித்து அதை நிராகரித்தனர். ஆயினும் மௌலானா ஆசாத் பிற்காலத்தில் இத்தேர்வைக் கண்டித்தே எழுதினார். கேரின் தகுதியை யாரும் மறுக்கவில்லை. தேர்வான முறை பற்றிய ஐயம் மட்டும் தீரவில்லை.

கோர்படிக்கு மேற்கே, புனே கவுன்சில் ஹாலில் 1937 ஜூலை 19 அன்று மாகாணச் சட்டப்பேரவையின் முதல் கூட்டம் கூடியது. சென்னையில் ராஜாஜியைப் போலவே கேரும் அன்றைய வழக்கப்படி பிரதமர் எனப்பட்டார். வரிகொடா இயக்கத்தில் பறிமுதலான உழவர் நிலங்கள் திருப்பித் தரப்பட்டன. ஆனால் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய 1938ஆம் ஆண்டுத் தொழில் தகராறு மசோதா கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. பேரவையில் அம்பேத்கர் அதை எதிர்த்தார். நவம்பர் 7 அன்று பம்பாய்த் தொழிலாளர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். கேர் ஆட்சியின் பலவீனமான பகுதி இதுவே.

1939இல் பதவி விலகிய அவர், 1946 முதல் 1952 வரை மீண்டும் ஆட்சி நடத்தினார். ஆலய நுழைவுச் சட்டம், குத்தகைச் சட்டம், 1949இல் புனே பல்கலைக்கழகம் ஆகியவை அக்காலத்தவை. பின்னர் 1954 வரை லண்டனில் இந்தியத் தூதராக இருந்தார்.

மொழி ஆணையத்தின் பெரும்பான்மையோர் இந்திக்கு மாறும் ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தனர். முன்னாள் சென்னை முதல்வர் ப. சுப்பராயனும் வங்க மொழியறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியும் மாறுபட்ட குறிப்புகளை இணைத்தனர். பிற்கால விவாதங்களில் தமிழகம் முன்வைத்த வாதங்களின் சாரம் அக்குறிப்புகளிலேயே உண்டு.

1957 மார்ச் 8 அன்று கேர் புனேயில் காலமானார். அவரது அறிக்கை அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, பந்த் தலைமையிலான 30 உறுப்பினர் குழுவின் ஆய்வுக்குச் சென்றது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற உறுதியை நேரு 1959இல் அளித்தார்.