டெமராராவில் பிறந்த ஸ்கொட்லாந்து அணித்தலைவர்

மஸ்கெலியாவிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துப் பெயர்ப்பலகைகளில் ஸ்கொட்லாந்து நிற்கும். கிளன்டில்ட், காட்மோர், மொறே எல்லாமே அந்த நாட்டு இடங்களின் பெயர்கள். பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பின்னும், துரைமார் வைத்துவிட்டுப் போன பெயர்கள் மேட்டில் தப்பிக்கொண்டன. அதே ஸ்கொட்லாந்துக்காரர்கள் கரீபியன் கரையில் கரும்புத் தோட்டங்களும் நடத்தினார்கள். அங்கே ஒரு கறுப்பினத் தாய்க்குப் பிறந்த பிள்ளை 1881இல் அவர்களுடைய தேசிய உதைபந்தாட்ட அணிக்கே தலைவரானார்.

அவர் பெயர் அன்ட்ரூ வொட்சன். 1856 மே 24 அன்று பிரிட்டிஷ் கயானாவின் டெமராராவில் பிறந்தார். இன்று அது கயானா என்ற சிறிய நாடு. தகப்பன் பீற்றர் மில்லர் வொட்சன், கரும்பில் பணம் சேர்த்த ஸ்கொட்லாந்துத் துரை. தாய் ஹன்னா ரோஸ், அந்த மண்ணிலேயே பிறந்தவர்.

அந்தக் கரும்புக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1838 மே மாதம் விற்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே இறக்கின. அந்த ஏற்பாட்டின் சூத்திரதாரி ஜோன் கிளாட்ஸ்டன். அடிமைகளை விடுவித்ததற்கு நட்டஈடாக அரசிடம் ஒரு லட்சம் பவுணுக்கு மேல் வாங்கியவர் அவர். விடுதலையானவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. பிறகு மதராஸ் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டார்கள். மலையகத்துக்குக் கால்நடையாய் வந்தவர்களின் ஊர்க்காரர்கள்தான் அவர்களும். கயானாவில் இன்றும் நடக்கும் காளியம்மன் பூசை அவர்கள் கொண்டுபோனது.

வொட்சனுக்கு வேறு வழி திறந்தது. தகப்பன் அவரையும் மூத்த சகோதரி அனெட்டாவையும் பிரித்தானியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நம் தோட்டங்களிலும் துரைமாருக்குப் பிறந்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தகப்பன் பெயர்கூடக் கிடைக்கவில்லை. வொட்சனுக்குப் பெயரும் கிடைத்தது, 1869இல் தகப்பன் இறந்தபோது சொத்தும் கிடைத்தது. ஹலிபக்ஸிலும் லண்டனிலும் நல்ல பாடசாலைகளில் படித்தார். 19 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் படிப்பை முடிக்கவில்லை. பந்து இழுத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் உதைபந்தாட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. கையில் காசுள்ளவன்தான் ஆடலாம். வொட்சனின் திறமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அவரை மைதானத்துக்குக் கொண்டுவந்த காசு கரும்பு வெட்டியவர்களின் உழைப்பில் வந்தது. பார்க்குரோவ் கழகத்தில் ஆடியதோடு அதன் செயலாளராகவும் இருந்தார். 1880இல் அன்றைய மிகப் பெரிய கழகமான குயின்ஸ் பார்க் அவரை எடுத்துக்கொண்டது. பலமான உடம்பு, நல்ல வேகம். பின்வரிசையில் இடமோ வலமோ எங்கேயும் நிற்பார்.

1881 மார்ச் 12, லண்டன் கெனிங்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக ஸ்கொட்லாந்து அணியை வழிநடத்தி இறங்கினார் வொட்சன். சர்வதேசப் போட்டியில் அவருக்கு அதுவே முதல் நாள். தனித்தனியே பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவது இங்கிலாந்துக்காரர்களின் பழக்கம். ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஆளுக்கு ஆள் பந்தைக் கடத்தி ஆடினார்கள். முடிவு 6–1. சொந்த மண்ணில் இங்கிலாந்து கண்ட மிகப் பெரிய தோல்வி இன்றுவரை அதுதான். அந்த ஆண்டில் நம் மலைகளில் கோப்பி நோய்கண்டு கருகிக்கொண்டிருந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

இரண்டு நாள் கழித்து வேல்ஸ் அணியை 5–1 என வென்றார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் இங்கிலாந்தை 5–1. மூன்றே போட்டிகள், மூன்றும் வெற்றி. 1882இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்ததோடு சர்வதேச ஆட்டம் முடிந்தது. ஸ்கொட்லாந்தில் ஆடுபவர்களை மட்டுமே அணிக்கு எடுப்பது அன்றைய வழக்கம். அதே ஆண்டில் மனைவி ஜெசியும் இறந்துபோனார்.

லண்டனில் ஸ்விஃப்ட்ஸ், கொரிந்தியன் கழகங்களுக்கு ஆடினார். மறுமணம் செய்து, லிவர்பூல் பக்கம் போய், கப்பல் இயந்திரப் பொறியியலாளராகக் கடலில் உழைத்தார். பிறகு லண்டனின் கியூ பகுதியில் ஓய்வு வாழ்க்கை. 1921 மார்ச் 8 அன்று நிமோனியாவால் இறந்தார்.

அதன்பின் பெயரே மறைந்தது. அவர் அவுஸ்திரேலியாவில் இறந்ததாக நெடுங்காலம் நம்பினார்கள். ரிச்மண்ட் மயானத்தில் கல்லறை சிதைந்து கிடந்தது. அண்மைய ஆண்டுகளில்தான் அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சீரமைத்தார்கள். ஒருவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று தெரியாமற்போவது என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வொட்சனுக்குப் பிறகு இன்னொரு கறுப்பின வீரர், நைஜல் குவாஷி, ஸ்கொட்லாந்துக்கு ஆடியது 2004இல்தான். இங்கிலாந்து அணியில் விவ் அன்டர்சன் இறங்கியது 1978இல்.

பிறந்த நாட்டுக்காக ஆட வொட்சனுக்கு வாய்ப்பே இருக்கவில்லை. அவர் ஆடிய காலத்தில் கயானாவுக்கென்று தேசிய அணி கிடையாது. அந்த அணி கோல்ட் கப் சுற்றுப்போட்டிக்கு முதன்முதலில் தகுதி பெற்றது 2019இல். வீரர்களில் பலர் குடிபெயர்ந்த கயானாக்காரர்களின் பிள்ளைகள், இங்கிலாந்தில் பிறந்தவர்கள். அந்தத் தொடரில் கயானா அடித்த மூன்று கோல்களையும் போட்ட நீல் டான்ஸ் பிறந்த ஊர் லிவர்பூல்.