தையல் கூடத்தில் எழுந்த குரல்: கிளாரா லெம்லிக்

ஊசிக்கும் நூலுக்கும் சம்பளத்தில் பிடித்தம். தாமதமாக வந்தால் அபராதம். நூறாண்டுக்கு முன் நியூயார்க்கில் பெண்களுக்கான மேற்சட்டை தைத்த ஆலைகளின் நிலை இது. தோட்டத்தில் கிராணியாரின் பற்றுக் கணக்கைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

அங்கே தைத்தவர்களில் ஒருவர் கிளாரா லெம்லிக். 1886-இல் இன்றைய உக்ரேனில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் பொத்தான் துளை தைத்து, அந்தக் காசில் புத்தகம் வாங்கிப் படித்தார். அமெரிக்கா வந்த பிறகு தையல் தொழிலாளர் சங்கத்தின் 25-ஆம் கிளையில் சேர்ந்தார். மறியலில் நின்றபோது அடியாட்கள் தாக்கி விலா எலும்புகள் முறிந்தன. அவர் ஒதுங்கவில்லை.

1909 நவம்பர் 22-ஆம் தேதி கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் நிதானம் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். மேடையேறிய கிளாரா, பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று இத்திஷ் மொழியில் கேட்டார். கூட்டம் ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 20,000 பேர் வெளியேறினர், பெரும்பாலும் இளம்பெண்கள்.

பல ஆலைகள் இறங்கி வந்து சங்கத்துடன் ஒப்பந்தம் செய்தன. டிரையாங்கிள் ஆலை செய்யவில்லை. 1911 மார்ச் 25-இல் அங்கே தீப்பிடித்தது. ஒரு வாசல் பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டனர்.

வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலை முதலாளிகள் கிளாராவுக்கு வேலை தர மறுத்தனர். இல்லத்தரசிகளைத் திரட்டினார், 1935-இல் இறைச்சி விலையேற்றத்தை எதிர்த்தார்.

கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்தில் கழித்தார். அங்கே வேலை செய்தவர்களையும் சங்கம் அமைக்கத் தூண்டினார். 1982-இல் காலமானார்.