வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கட்டர்

திருப்பதியிலும் சித்தூரிலும் காட்பாடிக்கு ரயில் ஏறும் கூட்டத்தில் நோயாளிகள் சிலரை எப்போதும் காணலாம். கையில் ஒரு பை, அதில் பழைய மருந்துச் சீட்டுகள், துணைக்கு ஓர் உறவினர். தமிழரானாலும் தெலுங்கரானாலும் அவர்கள் போகுமிடம் ஒன்றே: வேலூர் ஆஸ்பத்திரி. அதை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார், இளமையில் டாக்டர் தொழிலே வேண்டாமென்று ஒதுங்கி நின்றவர் என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

ஐடா 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அந்நாளில் ராணிப்பேட்டை, வேலூர், சித்தூர் எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம்; அதன் தலைநகரம் சித்தூர். 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கட்டர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மிஷன் டாக்டர். தந்தையும் டாக்டரே. ஆனால் சிறு வயதிலேயே பஞ்சத்தின் கொடுமையைக் கண்டுவிட்ட ஐடா, அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ விரும்பினார். தாயார் நோயுற்றதால், அவருக்கு உதவியாக 1890-ல் திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்து திரும்பிவிடுவதே அவர் எண்ணம்.

அங்கே ஓர் இரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் இன்னொரு உயர்ந்த குலத்து இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். தந்தை உடனே புறப்படத் தயாராக இருந்தார். ஆண் டாக்டர் பார்ப்பது வழக்கமில்லை என்று அவர்கள் மறுத்து, ஐடாவையே அழைத்தனர். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூவரும் வெறுங்கையுடன் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது.

மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார். ஆயினும் மூன்று உயிர்கள் போயின. அந்தக் கணவன்மாரைக் குறை கூறிக்கொண்டு ஐடா உட்கார்ந்துவிடவில்லை. அவர்கள் வீட்டுக்குள் போகக்கூடிய டாக்டராகத் தாமே ஆவதென்று முடிவு செய்தார். அமெரிக்கா சென்று, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

1900-ல், ஷெல் என்ற செல்வர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் வேலூர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு தந்தை காலமானார். இளம்பெண் ஒருத்தியிடம் வைத்தியம் பார்க்க ஜனங்கள் முதலில் தயங்கினர். வீட்டிலேயே ஓர் அறையில் வைத்தியம் தொடங்கிய அவரை நாடி, இரண்டே ஆண்டுகளில் சுமார் 5,000 பேர் வந்தனர். 1902-ல் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழும்பியது.

ஆஸ்பத்திரி கட்டினால் மட்டும் போதாது என்பதையும் அம்மையார் விரைவில் உணர்ந்தார். ஒரு நாள் கூலியை விட முடியாதவரும், வீட்டையும் குழந்தைகளையும் விட்டு வரமுடியாத தாய்மாரும் வேலூருக்கு எப்படி வருவார்கள்? ஆகவே மருந்துப் பெட்டியே அவர்களைத் தேடிப் போயிற்று. குடியாத்தம் சாலையில் மர நிழல்களில் நின்று வைத்தியம் செய்தார். 1909-ல் மோட்டார் கார் வந்தபோது, அதைப் பேயென்று எண்ணிக் கிராமத்தார் ஓடினார்களாம். பின்னர் அவர்களே சாலையோரத்தில் அதற்காகக் காத்து நின்றனர்.

ஒருவர் எத்தனை ஊருக்குப் போகமுடியும்? இந்த நாட்டுப் பெண்களே டாக்டராக வேண்டும் என்று 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மாணவிகள் கிடைப்பார்களா என்று ஐயுற்றவர்கள் உண்டு. வந்த விண்ணப்பங்களோ நூற்றுக்கு மேல்! முதல் அணியில் பரீட்சை எழுதிய 14 பேரும் 1922-ல் தேறினர். 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில், 89-வது வயதில் காலமானார். அவர் கல்லூரியின் கிளை ஒன்று இன்று சித்தூரிலும் நடக்கிறது.

வயிற்றில் எங்கே, எப்படி வலிக்கிறது என்பதை அயல்மொழியில் சொல்லத் தெரியாமல் திகைப்பது என்னவென்று, ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மவர்க்குத் தெரியும். நோயாளியின் பேச்சையும் வழக்கத்தையும் கேட்டறிந்த பிறகே மருந்தை எடுக்கவேண்டும் என்பதை, அந்த மூன்று பெண்களின் உயிரை விலையாகக் கொடுத்து ஐடா ஸ்கட்டர் கற்றுக்கொண்டார். பின்னால் வந்தவர்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தார்.