ரத்த குரூப்பில் அந்த 'நெகட்டிவ்' எங்கிருந்து வந்தது? கார்ல் லேண்ட்ஸ்டைனரின் கதை

கர்ப்பம் உறுதியானதும் எடுக்கச் சொல்லும் முதல் டெஸ்ட்களில் ஒன்று பிளட் குரூப். ரிசல்ட்டில் 'நெகட்டிவ்'னு இருந்தா, கணவரோட குரூப் என்னன்னு டாக்டர் உடனே கேட்பார். ஏன் இந்தக் கேள்வி? இதற்கு விடை தேடினால், ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவரிடம் போய் நிற்போம்.

யார் இவர்?

1868 ஜூன் 14-ல் வியன்னா அருகே பிறந்தார். அப்பா பத்திரிகையாளர். மகனுக்கு 6 வயதிருக்கும்போதே அவர் இறந்துவிட, வளர்த்தது அம்மாதான். அம்மா மறைந்த பிறகு, அவருடைய முகத்தின் அச்சை எடுத்து, தன் கடைசிக் காலம் வரை சுவரில் மாட்டி வைத்திருந்தார் மகன்.

படித்தது மருத்துவம். ஆனால் மனசு முழுக்க லேபில்தான். அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றினால் சிலர் பிழைப்பார்கள், சிலர் இறந்துபோவார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. லேண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும் கூட வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில ஜோடிகள் ஒத்துப்போயின; சில கட்டி கட்டியாகத் திரண்டன. 1901-ல் ரத்தத்தில் வகைகள் இருப்பதை உலகுக்குச் சொன்னார். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் அவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தார்.

ஒரே குரூப், ஆனாலும் ஆபத்து

கதை அங்கே முடியவில்லை. வயிற்றிலேயே குழந்தையை இழந்த ஒரு பெண்ணுக்குக் கணவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். இருவருக்கும் ஓ குரூப்தான். ஆனாலும் அந்தப் பெண்ணின் உடல் கடுமையாக எதிர்த்தது. 1939-ல் இதைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் பிலிப் லெவின், லேண்ட்ஸ்டைனரின் முன்னாள் உதவியாளர்.

அடுத்த ஆண்டே, அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து லேண்ட்ஸ்டைனர் புதிருக்குப் பெயர் வைத்தார். ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்து நடந்த சோதனையில் பிடிபட்டதால், அது 'ஆர்ஹெச்'. இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அவ்வளவுதான்.

என்ன நடக்கிறது?

அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ் என்றால் குழந்தை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலந்தால், அம்மாவின் உடல் அதை வெளியாளாக நினைத்து எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் பிரச்னை இருக்காது. அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால், அந்த எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து போய் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். ரத்தசோகை, கடுமையான மஞ்சள் காமாலை, சில நேரம் உயிரிழப்பு வரை போகும்.

அவர் பார்க்காத ஊசி

ஓய்வு பெற்ற பிறகும் லேண்ட்ஸ்டைனர் லேபை விடவில்லை. 1943 ஜூன் 24-ல் அங்கேயே மாரடைப்பு வந்தது. இரண்டு நாளில் இறந்தார். எதிர்ப்புப் பொருள் உருவாகாமல் தடுக்கும் 'ஆன்டி-டி' ஊசி அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது 1968-ல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில்.

இன்று நெகட்டிவ் அம்மாக்களுக்கு வழக்கமாக 28-வது வாரத்தில் ஒரு ஊசி. குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கருச்சிதைவோ கருக்கலைப்போ நடந்திருந்தாலும் டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும். எதிர்ப்புப் பொருள் உருவான பிறகு போட்டால் ஊசி பலன் தராது.

'முதல் பிரசவம் நல்லாத்தானே ஆச்சு'ன்னு விட்டுடுறதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஊசி காப்பாற்றப் போவது பெரும்பாலும் அடுத்த குழந்தையை.

லேண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14-தான் இன்று உலக ரத்த தான தினம். உங்க குரூப் என்னன்னு இன்னும் தெரியலைன்னா, தெரிஞ்சுக்க அதுவே நல்ல நாள்.